முதல் பாக்டீரியா கடந்த நாள்

பிடுங்கி எடுத்த ஒற்றை வேர்ப் பல் ஒன்றை மனத்தில் நிறுத்திக்கொள்ளுங்கள். அதன் தலைப்பகுதியை அறுத்து நீக்கியாயிற்று. வேருக்குள் ஓடும் குழாயைச் சுத்தம் செய்து, வேரின் முனையை வெட்டித் தள்ளி, வெட்டிய முகத்தில் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு ஒரு சிறு குழி தோண்டி, சோதிக்கவேண்டிய பொருளால் அதை அடைத்திருக்கிறார்கள். பல்லின் மேல்வாயில் ஒரு குழாய் பொருத்தியிருக்கிறது. அதற்குள் பாக்டீரியா நீந்தும் திரவம். கீழே, வேர்முனை மட்டும் நனையும்படி, கிருமி நீக்கிய ஊட்டச்சாறு நிறைந்த கண்ணாடிப் புட்டி. இரண்டுக்கும் நடுவே நிற்பது அந்த 3 மில்லிமீட்டர் அடைப்பு மட்டும். ஆராய்ச்சியாளர் தினமும் புட்டியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார். சாறு தெளிவாக இருந்தால் அடைப்பு தாக்குப்பிடிக்கிறது. ஒருநாள் காலையில் கலங்கியிருந்தால், கிருமி கடந்துவிட்டது. எத்தனையாவது நாள் என்று குறித்துக்கொள்கிறார். ஆய்வின் முடிவு அந்த ஒற்றை எண்தான். பல் மருத்துவத்தில் ஒரு பழைய பொருளைப் பின்னுக்குத் தள்ளிப் புதிய பொருள் ஒன்றை முன்னால் கொண்டுவந்ததில் அந்த எண்ணுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது உண்மையில் எதை அளந்தது? நோயாளியின் தாடையில் நடக்கப்போவதை அது முன்கூட்டிச் சொன்னதா? இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டதால் வந்த சிக்கல்தான் நாம் இங்கே பிரித்துப் பார்க்கப்போவது.

இப்படியொரு சோதனை ஏன் தேவைப்பட்டது என்பதிலிருந்து தொடங்குவோம். சொத்தை ஆழமாகிப் பல்லின் நடுவிலுள்ள பற்கூழை எட்டிவிட்டால், பற்கூழ் அழுகிச் செத்துப்போகிறது. அப்போது செய்வது ‘ரூட் கெனால்’ என்று எல்லோரும் சொல்லும் வேர் சிகிச்சை. செத்த திசுவை வழித்தெடுத்து, குழாயைக் கழுவி, குட்டா-பெர்ச்சா என்ற ரப்பர் போன்ற மரப்பிசினால் நிரப்பி மூடுவார்கள். பெரும்பாலான பற்களுக்கு இதோடு கதை முடிந்துவிடும். சில பற்களில் முடிவதில்லை. வேர்க்குழாய் நேரான குழாய் அல்ல. முனையை நெருங்க நெருங்க ஆற்றின் கழிமுகம் போலக் கிளைகளாகப் பிரிகிறது. ஊசியோ மருந்தோ எட்டாத கிளையில் தங்கிய கிருமிகள் மெல்லப் பெருகி, வேர்முனையைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைக்கின்றன. எக்ஸ்-ரேயில் அது வேர்நுனியில் கருப்பு வட்டமாகத் தெரியும். சிகிச்சையை மறுபடி செய்ய வழியில்லாதபோது, பல் மருத்துவர் எதிர்ப்பக்கமாக வருகிறார். ஈறைக் கீறி விலக்கி, எலும்பில் சிறு சாளரம் திறந்து, வேரின் கடைசி 3 மில்லிமீட்டரை அறுத்தெடுக்கிறார். முனையிலுள்ள கிளைகளில் மிகப் பெரும்பாலானவை அந்த 3 மில்லிமீட்டருக்குள்ளேயே இருப்பதால்தான் அந்த அளவு. அறுத்த பிறகும் குழாயின் வாய் திறந்தே இருக்கிறது. அதைக் கீழிருந்து மேலாக அடைப்பதுதான் வேர்முனை அடைப்பு.

அடைக்கத்தான் வேண்டுமா? வேண்டும் என்பதற்கான அடித்தளத்தை 1965-இல் அமெரிக்காவில் காக்கெஹாஷி, ஸ்டான்லி, ஃபிட்ஸ்ஜெரால்ட் ஆகிய மூவரும் எலிகளைக் கொண்டு போட்டார்கள். இரண்டு வகை எலிகள்: ஒரு வகை சாதாரணமாக வளர்ந்தவை, மற்றது பிறந்ததிலிருந்தே கிருமியே இல்லாத சூழலில் வளர்ந்தவை. இரண்டின் பற்களையும் துளைத்துப் பற்கூழைத் திறந்து அப்படியே விட்டார்கள். சாதாரண எலிகளில் பற்கூழ் செத்து, வேர்முனையில் சீழ் கட்டியது. கிருமியற்ற எலிகளில், திறந்த காயத்துக்குள் உணவுத் துணுக்கு புகுந்து அடைத்தபோதும் பற்கூழ் உயிரோடு இருந்தது. காயத்தின் மேல் புதிய பல்திசு பாலம் போல வளர்ந்து மூடியது. 1976-இல் ஸ்வீடனில் சுண்ட்க்விஸ்ட், அடிபட்டுப் பற்கூழ் செத்த, ஆனால் வெளியே விரிசல் இல்லாத மனிதப் பற்களை ஆராய்ந்தபோது, எலும்பு கரைந்திருந்த பற்களில்தான் பாக்டீரியா கிடைத்தது. செத்த திசு மட்டும் நோய் உண்டாக்குவதில்லை, கிருமி வேண்டும். இதிலிருந்து ஒரு தர்க்கம் தானாகப் பிறந்தது: கிருமி வேருக்குள் இருக்கிறது, எலும்பு வெளியே இருக்கிறது, ஆகவே நடுவிலுள்ள வாயை யார் கசிவில்லாமல் அடைக்கிறாரோ அவருக்கே வெற்றி. தர்க்கம் நேர்த்தியானது. அதனாலேயே அடுத்த முப்பது ஆண்டுகள் அதை யாரும் அதிகம் நோண்டிப் பார்க்கவில்லை.

நீண்ட காலம் இந்த வாயை அடைத்தது அமால்கம், அதாவது வெள்ளிக்கலவைத் தூளும் பாதரசமும் சேர்ந்த ‘சில்வர் ஃபில்லிங்’. அடுத்து வந்தவை துத்தநாக ஆக்சைடையும் யூஜெனாலையும் அடிப்படையாகக் கொண்ட ஐஆர்எம், சூப்பர்-ஈபிஏ என்ற சிமெண்ட்டுகள். யூஜெனால் வேறொன்றுமில்லை, பல்வலிக்குப் பாட்டி வைக்கும் கிராம்பின் காரம்தான். இந்த மூன்றுக்கும் பொதுவான பலவீனம் ஈரம். ஈறைக் கீறி எலும்பைத் துளைத்த இடத்தில் இரத்தம் ஊறிக்கொண்டே இருக்கும். உலர்ந்த இடம் கேட்கும் பொருளுக்கு அது ஏற்ற களம் அல்ல. 1990-களின் தொடக்கத்தில், கலிஃபோர்னியாவின் லோமா லிண்டா பல்கலைக்கழகத்தில் மஹ்மூத் டொராபினெஜாத் இந்தப் பிரச்சினையைத் தலைகீழாகத் திருப்பினார். ஈரத்தைக் கண்டு ஓடும் பொருளுக்குப் பதில், ஈரத்தைக் குடித்து இறுகும் பொருளைத் தேடினார். அப்படிப்பட்ட பொருள் உலகம் முழுக்கக் கட்டட வேலையில் புழங்கிக்கொண்டிருந்தது: 1824-இல் இங்கிலாந்தில் ஜோசஃப் ஆஸ்ப்டின் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமெண்ட். எம்டிஏ என்ற பெயரில் வந்த புதிய அடைப்புப் பொருளில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்லண்ட் சிமெண்ட்தான். மீதியில் பெரும்பங்கு, எக்ஸ்-ரேயில் தெரிவதற்காகச் சேர்த்த பிஸ்மத் ஆக்சைடு, கொஞ்சம் ஜிப்சம்.

தளம் போட்ட மறுநாளிலிருந்து கொத்தனார் ஏன் தண்ணீர் ஊற்றச் சொல்கிறார் என்று தெரிந்தவர்களுக்கு எம்டிஏ-யின் வேதியியலைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்து கெட்டியாகிறது. கால்சியம் சிலிகேட் துகள்கள் நீரை ஏற்றுக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும் கூழ்மமாகின்றன. கூடவே கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீற்றிய சுண்ணாம்பு, வெளிப்படுகிறது. எம்டிஏ இறுக இரண்டே முக்கால் மணி நேரம் ஆகிறது. கலந்து மூன்று மணி நேரத்தில் அதன் காரத்தன்மை, பிஎச் அளவில், 12.5-ஐ எட்டிவிடும். சுண்ணாம்பு நீரின் காரம் அது. அந்தக் காரத்தில் பெரும்பாலான பாக்டீரியா பிழைப்பதில்லை. மேலும், வெளிவரும் கால்சியம் உடல் திரவத்திலுள்ள பாஸ்பேட்டோடு சேர்ந்து, எலும்பும் பல்லும் எதனால் ஆனதோ அதே குடும்பத்தைச் சேர்ந்த கனிமத்தை அடைப்பின் மேற்பரப்பிலும் விளிம்புகளிலும் படியவிடுகிறது. இந்த இரண்டு குணங்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். கசிவுச் சோதனையின் எண்ணை இவை இரண்டும் ஆட்டிப்படைத்தன. ஆனால் சோதனை இவற்றைத் தனியாகப் பார்க்கவில்லை.

1995-இல் டொராபினெஜாத்தும் அவரது குழுவினரும் வெளியிட்ட முடிவுதான் இந்தத் துறையில் அதிகம் எடுத்தாளப்பட்டவற்றுள் ஒன்று. மேலே சொன்ன அமைப்பில், தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியாவைக் கொண்டு 90 நாள் சோதித்தார்கள். அமால்கம், சூப்பர்-ஈபிஏ, ஐஆர்எம் அடைத்த பற்களில் பெரும்பாலானவை 6-ஆம் நாளுக்கும் 57-ஆம் நாளுக்கும் இடையே கசியத் தொடங்கின. எம்டிஏ அடைத்தவற்றில் பெரும்பாலானவை 90 நாள் முடியும்வரை கசியவில்லை. 1998-இல் ஃபிஷரும் உடன் ஆய்ந்தவர்களும் சிவப்பு நிறமி சுரக்கும் செராஷியா மார்செசென்ஸ் பாக்டீரியாவைப் பயன்படுத்தினார்கள். அமால்கம் 10 முதல் 63 நாளில் கசிந்தது, ஐஆர்எம் 28 முதல் 91 நாளில், சூப்பர்-ஈபிஏ 42 முதல் 101 நாளில். எம்டிஏ 49-ஆம் நாள்வரை கசியவே தொடங்கவில்லை. வரிசை தெளிவாக இருந்தது. ஆனால் 1999-இல் அடமோவும் குழுவினரும் வேறொரு பாக்டீரியாவோடு, எம்டிஏ, சூப்பர்-ஈபிஏ, கம்போசிட் என்ற பிசின் அடைப்பு, அமால்கம் ஆகியவற்றை 12 வாரம் சோதித்தபோது, அவற்றுக்கிடையே புள்ளியியல்படி பொருட்படுத்தத்தக்க வேறுபாடு கிடைக்கவில்லை. ஒரே கேள்வி, ஏறக்குறைய ஒரே கருவி, வேறு பதில். இப்படி நேரும்போது பொருளைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியைச் சந்தேகிப்பது நல்லது.

கருவி எதை அளக்கிறது? சாறு கலங்குவதை. கலங்கிய சாறு எத்தனை பாக்டீரியா கடந்தன என்று சொல்வதில்லை. அரைமணிக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும் ஒரு பாக்டீரியா, ஒன்றே ஒன்று, நள்ளிரவில் அடைப்பைக் கடந்து கீழே விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தின்னத் தடையில்லை, எதிர்ப்பவர் இல்லை. மறுநாள் நண்பகலுக்குள் அது 24 முறை இரட்டித்து, ஒன்றரைக் கோடியைத் தாண்டியிருக்கும். ஒரே ஒரு கிருமி நுழைந்த புட்டியும், ஆயிரம் கிருமிகள் நுழைந்த புட்டியும் சில மணி நேர வித்தியாசத்தில் ஒரே மாதிரி கலங்கும். ஆக இந்தச் சோதனை ஓட்டையின் அளவை அளக்கவில்லை. ஓட்டை ஒன்று எங்காவது இருக்கிறதா என்று மட்டும் கேட்கிறது. ஒரு துளி மதுவுக்கும் ஒரு குடம் மதுவுக்கும் ஒரே தண்டனை விதிக்கும் நீதிபதியைப் போன்றது அது. அத்தகைய நீதிபதியின் தீர்ப்பில் பிழையில்லை. ஆனால் குற்றத்தின் கனத்தைத் தெரிந்துகொள்ள அவரிடம் போவதில் பயனில்லை.

இங்கே ஒருவர் நியாயமாகக் குறுக்கிடலாம். மொட்டைமாடியில் தளம் போட்டதும் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்திப் பார்க்கிறார்களே, அதுவும் இப்படித்தானே? கீழே கூரையில் ஒரு ஈரத்திட்டு தெரிந்தாலே தளம் சரியில்லை என்கிறோம். எத்தனை லிட்டர் இறங்கியது என்று கேட்பதில்லை. கடுமையான சோதனையில் தேறியது, சாதாரண மழையில் நிச்சயம் தேறும் அல்லவா? ஒப்புமை ஓரளவு சரி, ஆனால் இரண்டு இடங்களில் உடைகிறது. முதலாவது, மாடியில் தேங்கும் தண்ணீரும் மழைத் தண்ணீரும் ஒரே தண்ணீர். சோதனை, நிஜத்தின் கடுமையான வடிவம். பல் சோதனையிலோ மேலே நிற்பது ஊட்டத்தோடு புதுப்பிக்கப்படும் ஒற்றை இனப் பாக்டீரியா வெள்ளம். நோயாளியின் வேருக்குள் இருப்பது பெரும்பாலும் காற்றை வெறுக்கும், ஒன்றோடொன்று ஒட்டிப் படலமாக வாழும், உணவுக்குத் திண்டாடும் கலப்புக் கூட்டம். மேலே நல்ல அடைப்பும் கேப்பும் இருந்தால் வாயிலிருந்து அதற்குப் புதிதாக உணவும் வருவதில்லை. இரண்டாவது, கூரைக்குக் கீழே இருப்பது சும்மா கிடக்கும் அறை. வேர்முனைக்குக் கீழே இருப்பது உயிருள்ள எலும்பு. அங்கே இரத்தம் ஓடுகிறது, வெள்ளணுக்கள் காவல் நிற்கின்றன. தினம் சில கிருமிகள் வந்தால் அவற்றைத் தின்று தீர்க்கும் ஆற்றல் அந்த இடத்துக்கு உண்டு. ஊட்டச்சாற்றுக்கு அது இல்லை. எனவே சோதனை ஒரு பக்கம் அளவுக்கு மீறிக் கடுமையானது. மறுபக்கம் அளவுக்கு மீறி இளக்கமானது: ஆய்வகப் பல்லில் இரத்தம் ஊறுவதில்லை, மருத்துவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் குனிந்து வேலை செய்வதில்லை, பல் மெல்லுவதில்லை. கடுமையும் இளக்கமும் சேர்ந்த தேர்வில் வாங்கிய மதிப்பெண்ணைப் ‘பாதுகாப்பான பக்கத்தில் இருக்கிறோம்’ என்பதற்குச் சான்றாகக் காட்ட முடியாது.

கருவியின் உள்ளேயே இன்னும் சில ஓட்டைகள் இருந்தன. பல்லையும் குழாயையும் மெழுகாலோ பசையாலோ இணைக்கிறார்கள். பாக்டீரியா அடைப்பு வழியாகத்தான் இறங்கவேண்டும் என்று கட்டாயம் இல்லை. அந்த இணைப்பின் விளிம்பு வழியாகவும் இறங்கலாம். அந்த இணைப்பே முறைப்படியான பிழைக்கு வழிவிடக்கூடும் என்று 2011-இல் ரெஷன்பெர்க், டி-டியூஸ், ஜெண்டர் ஆகியோர் எச்சரித்தார்கள். பொருளின் நஞ்சுத்தன்மையும் முடிவைத் திரிக்கிறது. யூஜெனால் கிருமியைக் கொல்லும். எம்டிஏ-யின் காரமும் கொல்லும். கீழே உள்ள சாறு தெளிவாக இருந்தால், கிருமி கடக்கவில்லையா, அல்லது கடந்து செத்துப்போனதா? புட்டியைப் பார்த்து இதைச் சொல்ல முடியாது. நோயாளிக்கு இரண்டும் நல்லதுதான் என்று வாதிடலாம். ஆனால் அப்போது நாம் அளந்தது ‘அடைக்கும் திறன்’ என்ற பெயர்ப்பலகையைக் கழற்றிவிட வேண்டும். பாக்டீரியாவுக்கு முன்பு பரவலாகப் பயன்பட்ட சாயச் சோதனைக்கும் இதே கதி நேர்ந்தது. வேரை மெத்திலீன் நீலத்தில் முக்கி, எவ்வளவு தூரம் நீலம் ஏறியது என்று அளப்பார்கள். 1998-இல் வூ, கொன்டாகியோடிஸ், வெஸ்ஸெலிங்க் ஆகியோர், எம்டிஏ உள்ளிட்ட சில பொருள்களைத் தொட்டாலே மெத்திலீன் நீலம் வெளிறிப்போகிறது என்று கண்டார்கள். நீலம் ஏறாத இடமெல்லாம் அடைபட்ட இடம் என்று எண்ணியிருந்தால், சாயம் வெளுத்த இடத்தையும் அதில் சேர்த்திருப்போம்.

சோதனைக்கும் நிஜத்துக்கும் உள்ள உறவை நேரடியாக உரசிப் பார்த்த ஆய்வு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. 2001-இல் ஆலிவரும் அபோட்டும் வெளியிட்ட அந்த ஆய்வு வேர்முனை அடைப்பைப் பற்றியதல்ல, சாதாரண வேர் சிகிச்சையைப் பற்றியது. ஆனால் தர்க்கம் ஒன்றே. உயிருள்ள வாய்களில் சிகிச்சை பெற்று, பிறகு பிடுங்கப்பட்ட வேர்களை எடுத்துக்கொண்டார்கள். சிகிச்சை வெற்றி பெற்றவை எவை, தோற்றவை எவை என்பது முன்பே தெரியும். எல்லாவற்றையும் சாயத்தில் முக்கினார்கள். ஏறக்குறைய எல்லா வேர்களிலும், அதாவது 99.5 சதவீதத்தில், சாயம் ஏறியது. வெற்றி பெற்ற பல்லும் கசிந்தது, தோற்ற பல்லும் கசிந்தது. அவர்கள் சொன்ன முடிவு கூர்மையானது: நுனிக் கசிவை வைத்துச் சிகிச்சையின் பலனை ஊகிக்க முடியாது. கசிவு இல்லாத அடைப்பு என்பதே வாயில் ஏறக்குறைய இல்லாத பொருள் என்றால், ‘கசிகிறதா, இல்லையா’ என்ற கேள்வி நோயையும் நலத்தையும் பிரிக்கும் கோடாக இருக்கமுடியாது. கோடு வேறெங்கோ, எவ்வளவு, எதற்கு, எத்தனை நாள் என்ற இடங்களில் ஓடுகிறது.

இப்போது மனிதர்களிடம் நடந்த சோதனைகளுக்கு வருவோம். 2003-இல் சோங், பிட் ஃபோர்ட், ஹட்சன் ஆகியோர் லண்டனில் செய்த ஆய்வின் முடிவை வெளியிட்டார்கள். இவர்களில் பிட் ஃபோர்ட் 1995-இன் பாக்டீரியா ஆய்விலும் பங்கேற்றவர். புட்டியில் தாம் கண்டதை நோயாளியிடம் சோதித்துப் பார்க்க அவரே முன்வந்தார் என்பது அறிவியல் மரபுக்குப் பெருமை. யாருக்கு எம்டிஏ, யாருக்கு ஐஆர்எம் என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். ஓராண்டு கழித்து எம்டிஏ 84 சதவீதம் வெற்றி, ஐஆர்எம் 76. ஈராண்டு கழித்து 92-ம் 87-ம். வேறுபாடு புள்ளியியல்படி உறுதியாகவில்லை. 2005-இல் நெதர்லாந்தில் லிண்டபூமும் குழுவினரும் 100 பற்களில் செய்த ஒப்பீட்டில் எம்டிஏ 92, ஐஆர்எம் 86. அங்கும் உறுதியான வேறுபாடு இல்லை. 2012-இல் கொரியாவில் சாங், கிம் ஆகியோர் எம்டிஏ-யையும் சூப்பர்-ஈபிஏ-யையும் ஒப்பிட்டபோது 95.6-ம் 93.1-ம். புட்டியில் ஐஆர்எம்மும் சூப்பர்-ஈபிஏ-யும் அமால்கத்தோடு சேர்ந்து தோற்ற பொருள்கள். 57 நாளுக்குள் பெரும்பாலும் ஒழுகியவை. வாயில் அவை வெற்றி பெற்ற பொருளுக்குத் தோளோடு தோள் நிற்கின்றன. புட்டி காட்டிய இடைவெளி மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. வாய் காட்டிய இடைவெளி சில படிகள்தாம்.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, புள்ளியியல் தெரிந்தவர்களிடமிருந்து வரும். நூறு பேர், நூற்றிருபது பேர் கொண்ட சோதனையில் சிறு வேறுபாட்டை நிரூபிக்க முடியாது. ‘வேறுபாடு உறுதியாகவில்லை’ என்பது ‘வேறுபாடு இல்லை’ ஆகாது. மூன்று ஆய்விலும் எம்டிஏ-யே முன்னால் இருக்கிறது. மூன்று முறையும் ஒரே பக்கம் சாய்ந்த தராசில் ஏதோ எடை இருக்கத்தான் வேண்டும். தவிர, ஓராண்டும் ஈராண்டும் குறுகிய காலம். மெல்லக் கசியும் பொருள் பத்தாம் ஆண்டில்தான் தன் குணத்தைக் காட்டலாம். இந்த மறுப்பை முழுவதும் ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டாலும் வாதம் சாய்வதில்லை. எம்டிஏ சற்று மேலானது என்றே வைத்துக்கொண்டாலும், அந்தச் ‘சற்று’ இரண்டரை முதல் எட்டு சதவீதப் புள்ளிகளுக்குள் அடங்குகிறது. கசிவு நாள்தான் நோயைத் தீர்மானிக்கிறது என்றால், ஐஆர்எம் அடைத்த பற்களில் பெரும்பாலானவை ஓராண்டுக்குள் மறுபடி நோயுற்றிருக்க வேண்டும். முக்கால் பங்குக்கு மேல் ஆறின. கசிவுக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இடையே வேறு பல காரணிகள் நிற்கின்றன, அவை பெரும்பாலான கசிவுகளை விழுங்கிவிடுகின்றன என்பதே பொருள்.

எதிர்ப்பக்க மறுப்பும் ஒன்று உண்டு: கசிவுக்கு இவ்வளவுதான் மதிப்பென்றால், அடைக்காமலே விட்டுவிடலாமே? டென்மார்க்கில் கிறிஸ்டியன்சன் குழுவினர் 2009-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு விடை சொல்கிறது. ஏறக்குறைய ஐம்பது பற்கள். எல்லாவற்றிலும் வேர்முனையை அறுத்தார்கள். ஒரு பாதிக்குக் குழி தோண்டி எம்டிஏ வைத்தார்கள். மறுபாதிக்கு ஏற்கெனவே குழாயில் இருந்த குட்டா-பெர்ச்சாவின் அறுத்த முகத்தை வழவழப்பாக்கியதோடு விட்டார்கள். ஓராண்டில் எம்டிஏ வைத்தவை 96 சதவீதம் ஆறின. வழவழப்பாக்கியவை 52 சதவீதம். இங்கேதான் மலையும் மடுவும். அடைப்பு வேண்டுமா என்ற கேள்விக்கு வாய் உரத்த குரலில் பதில் சொல்கிறது. எந்த நல்ல அடைப்பு என்ற கேள்விக்கு முணுமுணுக்கிறது. 2010-இல் செட்ஸரும் உடன் ஆய்ந்தவர்களும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, அமால்கமும் பழைய துளைப்பானும் கொண்ட மரபு முறையில் வெற்றி 59 சதவீதம். நுண்ணோக்கி, மீயொலி முனை, புதிய அடைப்புப் பொருள் ஆகியவை சேர்ந்த முறையில் 94. அந்த 35 புள்ளிகளைப் பொருள் ஒன்றின் கணக்கில் எழுத முடியாது. பழைய முறையில் வேர்முனையைச் சாய்வாக அறுத்தார்கள். சாய்வு கூடக் கூட, பல்திசுவில் ஓடும் நுண்குழல்களின் வாய்கள் அதிகமாகத் திறக்கும். துளைப்பான் குழாயின் திசையை விட்டுப் பக்கச்சுவரைக் குடையும். எந்தப் பொருளை வைத்தாலும், வைக்கும் குழியே கோணலாக இருந்தால், அதன் தரம் எங்கே வெளிப்படும்?

அப்படியானால் எம்டிஏ-யின் புகழ் வெறும் அதிர்ஷ்டமா? இல்லை என்பதற்கான சான்று புட்டியில் இல்லை, திசுவில் இருக்கிறது. 1997-இல் டொராபினெஜாத் குழுவினர் குரங்குகளின் வேர்முனைகளில் எம்டிஏ-யையும் அமால்கத்தையும் வைத்து, பிறகு அந்த இடத்தை மெல்லிய சீவல்களாக்கி நுண்ணோக்கியில் பார்த்தார்கள். எம்டிஏ வைத்த ஆறு வேர்முனைகளில் ஐந்தில் அழற்சி இல்லை. ஐந்தில் அடைப்பின் மேலேயே சிமெண்டம் முழுப் படலமாக வளர்ந்திருந்தது. சிமெண்டம் என்பது இயற்கை வேரின் மேல் போர்த்தும் மெல்லிய கடினத் தோல். பல்லை எலும்போடு பிணைக்கும் இழைகள் நங்கூரமிடும் இடம். அமால்கம் வைத்த எல்லாவற்றிலும் அழற்சி இருந்தது. அடைப்பின் மேல் சிமெண்டம் ஏறவில்லை. எண்ணிக்கை சிறியது, ஆனால் காட்சி பேசுகிறது. ஓர் அடைப்பு கிருமியைத் தடுப்பது ஒரு வேலை. அதை உடல் தன்னுடையதாக ஏற்று, மேலே தன் தோலைப் போர்த்தி மூடுவது வேறு வேலை. இரண்டாவது நடந்துவிட்டால், முதல் வேலையில் இருந்த சிறு குறையை உடலே தைத்துவிடுகிறது. அடைப்பிலிருந்து வரும் கால்சியமும், உடல் திரவத்தின் பாஸ்பேட்டும், அருகே காத்திருக்கும் உயிரணுக்களும் சேர்ந்து செய்யும் தையல் அது. வெட்டி எடுத்த பல்லில் உயிரணு இல்லை. எனவே எம்டிஏ-யின் ஆகச் சிறந்த குணத்தைக் காணும் கண்ணே கசிவுச் சோதனைக்குக் கிடையாது. சோதனை சரியான குதிரையைத்தான் காட்டியது. ஆனால் குதிரை ஏன் வெல்லும் என்பது அதற்குத் தெரியாது.

சரியான குதிரையைக் காட்டியது போதாதா என்று கேட்கலாம். 1993-இலும் 1995-இலும் கசிவு ஆய்வுகள் இல்லாதிருந்தால், கட்டடச் சிமெண்ட்டை மனிதனின் தாடைக்குள் வைக்க யார் துணிந்திருப்பார்கள்? உண்மைதான். புதிதாக வரும் பொருளை நேராக நோயாளிமேல் வைப்பது அறமாகாது. மலிவான, விரைவான, யாருக்கும் வலிக்காத முதல் வடிகட்டி ஒன்று வேண்டும். அந்த வேலையைக் கசிவுச் சோதனை செய்தது. அது செய்த பிழை முதலில் நின்றது அல்ல, முதலிலேயே நின்றுவிட்டதுதான். ஒரு பொருளை அடுத்த கட்டத்துக்கு அனுப்பலாமா என்று கேட்கவேண்டிய கருவியை, எந்தப் பொருள் எதைவிட எத்தனை நாள் மேல் என்று தரவரிசை போடப் பயன்படுத்தினார்கள். பல் பிடுங்கினால் கிடைக்கிறது, புட்டி மலிவு, 90 நாளில் முடிவு. ஆகவே ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன, ஒன்றையொன்று மறுத்தன, நோயாளிக்கு எதுவும் மாறவில்லை. 2007-இல் வேர் சிகிச்சைத் துறையின் முதன்மை இதழ்களில் ஒன்றான ஜர்னல் ஆஃப் எண்டோடான்டிக்ஸ் தன் தலையங்கத்தில், அடைப்புப் பொருள்களைக் கசிவை வைத்து ஒப்பிடும் ஆய்வுகளை இனி ஊக்குவிக்கப்போவதில்லை என்ற நிலைப்பாட்டை எடுத்தது. ஒரு துறை தனக்குப் பழகிப்போன அளவுகோலைத் தானே கீழே வைப்பது அடிக்கடி நடப்பதல்ல.

இதில் பல் மருத்துவத்தைத் தாண்டிய பாடம் ஒன்று இருக்கிறது. எந்த அறிவியலிலும் நாம் உண்மையில் அறிய விரும்புவது ஒன்று, எளிதில் அளக்கக் கிடைப்பது வேறொன்று. நாம் அறிய விரும்பியது, இந்தப் பல் பத்தாண்டு கழித்தும் வலியின்றி மெல்லுமா என்பது. அளக்கக் கிடைத்தது, முதல் பாக்டீரியா கடந்த நாள். இரண்டுக்கும் இடையே பாலம் இருக்கிறது. ஆனால் அந்தப் பாலத்தின் மேல் அடைப்புப் பொருளைத் தவிர, குழி தோண்டிய கை, மேலே போட்ட கேப்பின் பொருத்தம், உள்ளே எஞ்சிய கிருமியின் அளவு, வெளியே காத்திருக்கும் எலும்பின் உயிர் எல்லாம் நடந்து செல்கின்றன. புதிய கால்சியம் சிலிகேட் சிமெண்ட்டுகள் இப்போதும் சந்தைக்கு வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்று ‘கசிவே இல்லை’ என்ற விளம்பரத்தோடு வந்தால், அதைக் கேட்கும் மருத்துவரும் வாசகரும் எண்ணைப் பார்ப்பதற்கு முன் எண்ணிப் பார்க்கவேண்டியவை மூன்று: எதற்குள்ளிருந்து எது கசிந்ததை அளந்தார்கள், கசிந்தது போய்ச்சேர்ந்த இடத்தில் உயிர் இருந்ததா, ஓராண்டு கழித்து அந்த எலும்பை யாராவது எக்ஸ்-ரே எடுத்துப் பார்த்தார்களா. மூன்றாவது கேள்விக்குப் பதில் கிடைக்கும்வரை, கலங்காத புட்டி ஒரு நல்ல சகுனம் மட்டுமே. வேர்நுனியிலிருந்த கருப்பு வட்டம் அடுத்த எக்ஸ்-ரேயில் சுருங்கி, எலும்பு அதில் வெண்மையாக நிறைந்திருப்பதுதான் முடிவு.